பதினேழாம் சாட்சியின் எடை

ஒன்பதாம் சாட்சி வரமாட்டார் என்று தெரிந்த காலையில் பதினேழாம் சாட்சியின் பட்டை ஏறியது.

நீதிபதி நிறைமதியின் மேசையில் பதித்திருந்த கண்ணாடித் திரையில் சாட்சிகளின் எண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நீலப் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலே குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. நேற்றுவரை பதினேழாம் பட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு கை வைக்கிற அளவு இடம் இருந்தது. இப்போது இரண்டு விரல்தான் நுழையும்.

சாட்சிகள் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி மயூரதி கதவருகே நின்றிருந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி. கெட்ட செய்தியைச் சொல்லும்போது குரலை இன்னும் தணித்துக்கொள்வாள்.

"அவரை ஒருத்தரும் அடிக்கேல்ல, மேடம். வெருட்டக்கூட இல்லை. தங்கச்சியின்ர வீட்டுக்குப் போற தண்ணிக் குழாயை ஆரோ வெட்டியிருக்கினம். பிறகு திருத்தியும் குடுத்திருக்கினம். திருத்த வந்த ஆள், 'அண்ணன் போர்ட் லூயியில சுகமா இருக்கிறாரோ' எண்டு கேட்டானாம். அவ்வளவுதான். இதில பொலிசுக்குச் சொல்ல என்ன இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். அதுதான் நிறைமதியைக் கலக்கியது. மதுரையில் நீதிபதியாக இருந்த காலத்தில் சாட்சிகளை மிரட்டியவர்களைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் கத்துவார்கள், கல்லெறிவார்கள், மாட்டிக்கொள்வார்கள். இவர்கள் உடைத்ததைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நலம் விசாரிக்கிறார்கள்.

இந்தியப் பெருங்கடலின் நடுவே, எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாமல், கடலடியிலிருந்து உலோகக் கட்டிகளை அள்ளும் மேடைகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் நடப்பதை விசாரிக்க மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயியில் ஒரு சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நாடுகள் கூடி உண்டாக்கின. இது அதன் முதல் பெரிய வழக்கு. வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து திறக்க வேண்டிய கதவு திறக்கப்படவில்லை. இயந்திரக் கோளாறு என்றார் மேடைப் பாதுகாப்புப் படையின் தளபதி ரூபர்ட் கேல். திறக்காதே என்று அவர் சொன்னதைக் காதால் கேட்டேன் என்று சாட்சிக் கூண்டில் சொன்னது ஒரே ஒருவர். பெயரில்லாத பதினேழு. முகமும் குரலும் இயந்திரத்தால் மாற்றப்பட்டு, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் அந்தச் சாட்சியம் பதிவாகியிருந்தது.

"பதினேழு கேக்கிறா, தராசு எண்டா என்ன எண்டு" என்றாள் மயூரதி. "விளங்கப்படுத்துறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். எனக்கே வடிவா விளங்கேல்ல."

நிறைமதி அங்கியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "பேர் தெரியாத ஒருத்தர் சொன்னதை முக்கிய ஆதாரமா வச்சு யாரையும் தண்டிக்கக் கூடாது. பழைய விதி. நியாயமான விதியும்கூட. யார் சொல்றாங்கன்னே தெரியாம ஒருத்தன் எப்படி மறுத்துப் பேசுவான்?"

"ஓம்."

"முன்னாடி, ஒரு சாட்சி எவ்வளவு முக்கியம்னு ஜட்ஜுங்க மனசுக்குள்ள எடை போட்டாங்க. ஆளுக்கு ஒரு கணக்கு. அப்பீல்ல எல்லாம் கவிழ்ந்துச்சு. அதனால இந்தத் தராசு மெஷின். அந்தச் சாட்சி இல்லாம இதே வழக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்கும். தீர்ப்பு மாறலைன்னா பட்டை கீழயே கிடக்கும். மாறிக்கிட்டே இருந்தா ஏறும். கோட்டைத் தாண்டினா பேரை எதிர்த்தரப்புக்குச் சொல்லியாகணும். இல்லைன்னா அவங்க சொன்னதை வழக்கிலிருந்தே எடுத்துடணும்."

மயூரதி திரையைப் பார்த்தாள். "அப்ப மற்ற ஆக்கள் விலக விலக, இவவின்ர பட்டை தானா ஏறுமே?"

நிறைமதி கையிலிருந்த அங்கியை நாற்காலியின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

இந்தப் பட்டைகள் எதிர்த்தரப்பின் மேசையிலும் தெரியும். இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றமே போட்ட ஏற்பாடு அது. பதினேழு யார் என்று கேலின் ஆட்கள் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. பெயர் சொல்ல முன்வந்த சாட்சிகளில் எவர் நகர்ந்தால் பதினேழின் பட்டை ஏறும் என்று பார்த்து, அவர்கள் வீட்டுக் குழாயைத் தொட்டால் போதும். பட்டை கோட்டைத் தாண்டும் நாளில் நீதிமன்றமே அந்தப் பெயரைக் கேலின் கையில் கொடுக்கும். முத்திரை போட்டு, சட்டப்படி.

அடுத்த வாரம் நான்காம் சாட்சி தனக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பட்டை கோட்டைத் தொட்டு நின்றது.

பதினேழு தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பெயர் அனிஷ்டா. மேடையின் சமையலறையில் வேலை பார்த்தவள். அவளுடைய ஒரே மகன் ரீகன் அதே நிறுவனத்தின் வேறொரு மேடையில் இருந்தான். அங்கே காவலுக்கு நிற்பவர்கள் கேல் வளர்த்த ஆட்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து, புது ஆட்களை இறக்கிப் பழையவர்களை ஏற்றிவரும் மாற்றுக் கப்பல் போகிறவரை அவன் அங்கிருந்து நகர முடியாது. அவனை முன்னதாக அனுப்புங்கள் என்று நீதிமன்றம் கேட்டால், கேட்டதே அவன் தாய் யார் என்று சொன்னதாகிவிடும். மேடைக்குப் போகும் கடிதமும் அழைப்பும் காவலர்கள் காதைத் தாண்டித்தான் போகும். ஆகவே அந்தப் பையனுக்கு எதுவும் தெரியாது. அம்மா போர்ட் லூயியில் ஒரு கேன்டீனில் வேலை பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஆர்டன் தன் மனுவைக் குரல் உயர்த்தாமல் வாசித்தார். நேர்மையானவர் என்று பெயர் வாங்கியவர். குழாய் வெட்டப்பட்டதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நிறைமதி நம்பவில்லை. தண்டனை கிடைத்தால் தன் கட்சிக்காரர் வாழ்நாள் முழுக்கச் சிறையில் இருப்பார், தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது யார் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு, விதியை நடைமுறைப்படுத்துங்கள் என்றார். அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்று நீதிபதிகளும் உள்ளறையில் கூடினார்கள். தலைமை நீதிபதி கிமானி கென்யாக்காரர். எதையும் பாதிச் சிரிப்போடு சொல்கிறவர். துவார்த்தே பிரேசிலிலிருந்து வந்தவர். சிரிக்கவே மாட்டார். அரசு வழக்கறிஞராக இருந்தபோது பெயரில்லாத சாட்சியை நம்பி ஒருவனை உள்ளே தள்ளி, பிறகு அவன் நிரபராதி என்று தெரிந்ததை ஒருமுறை நிறைமதியிடம் சொல்லியிருக்கிறார்.

விதிப் புத்தகத்தில், விசாரணை அமர்வில் உள்ள மூவருக்கும் தராசு உதவலாம் என்றுதான் இருக்கிறது, உதவ வேண்டும் என்று இல்லை என்று கிமானி சுட்டிக்காட்டினார். "உதவி வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இருக்கிறது. சம்பளம் வாங்குவது நாம். எடையையும் நாமே போடுவோமே."

மூவரும் ஒப்புக்கொண்டார்கள். துவார்த்தேகூட. கிமானி விரலால் தொட்டதும் திரைகள் அணைந்தன. மேசை மீண்டும் வெறும் கண்ணாடியானது. வெகு நாளைக்குப் பிறகு நிறைமதிக்கு மூச்சு லேசாக வந்தது.

அது நீடிக்கவில்லை. கிமானி தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "அப்படியானால் சொல்லுங்கள். பதினேழு இல்லாமல் இந்த வழக்கு நிற்குமா?"

நிற்காது என்றார் துவார்த்தே. பெயரைக் கொடுக்க வேண்டும், அல்லது சாட்சியத்தை நீக்க வேண்டும். நிற்கும் என்றார் கிமானி. கதவின் இயந்திரப் பதிவே போதும், கோளாறு இருந்ததற்கான அடையாளம் எதுவும் அதில் இல்லை. இருவரும் நிறைமதியைப் பார்த்தார்கள்.

சாட்சியை மூடிய அறையில் ஒருமுறை கேட்க வேண்டும் என்றாள் அவள்.

முகமூடி இல்லாமல், குரல் மாற்றம் இல்லாமல் அனிஷ்டா வந்து உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் எண்ணெய் பட்ட தழும்புகள். கூடவே மயூரதியும் மொழிபெயர்ப்பாளரும். மற்ற இரு நீதிபதிகளும் மொழிபெயர்ப்பைக் கேட்கும் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டார்கள். நிறைமதி மாட்டவில்லை.

அனிஷ்டா சுற்றி வளைக்கவில்லை. "நான் சொன்னது இல்லாம அந்த ஆளுக்குத் தண்டன கெடைக்குமாம்மா?"

"அதைத்தான் நாங்க முடிவு பண்ணணும்."

"கெடைக்கும்னா என்னைய எதுக்கு இங்க கூட்டியாந்திய? கெடைக்காதுன்னா எம் பேரச் சொல்லிருவிய. அப்படித்தான?"

மயூரதி தலை குனிந்துகொண்டாள். விலகிக்கொள்ள விருப்பமா என்று கிமானி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"வெலகணும்னா நான் முத நாளே வெலகிருப்பேன், ஐயா." அவள் கிமானியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிறைமதி பக்கம் திரும்பினாள். "கோர்ட்ல ஒண்ண மட்டும் சொல்லவேண்டாம்னு தடுத்துட்டாவ. சொன்னா நான் யாருன்னு தெரிஞ்சிருமாம். இங்க சொல்லலாமா?"

"சொல்லுங்க."

"அவரு திறக்காதன்னு சொன்னப்ப நான் டீ கொண்டுபோயிருந்தேன். அந்தப் பக்கத்துல இருந்து கதவத் தட்டுதாவ, மைக்குல கேக்கு. இவரு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருக்காரு. சத்தம் நின்ன பொறவு தம்ளரத் தொட்டுப் பாத்தாரு. ஆறிப்போச்சு, வேற கொண்டான்னாரு." தழும்பேறிய தன் கைகளைப் பார்த்தாள். "நான் கொண்டுபோய்க் குடுத்தேம்மா."

துவார்த்தே காதுக்கருவியை அழுத்திக்கொண்டார்.

"எம் மவன் அங்கதான் கெடக்கான். பேரச் சொல்லாதிய. ஆனா நான் சொன்னதத் தூக்கி ஓரமா வச்சிராதிய."

"ரெண்டுல ஒண்ணுதான் முடியும்" என்றாள் நிறைமதி.

"அதத்தான் மயூரதியும் சொல்லுதா. நீங்க மூணு பேரு. படிச்சவிய. வேற வழி ஒண்ணு பாக்கக் கூடாதா?"

அன்று பிற்பகல் நிறைமதி தன் முடிவைச் சொன்னாள். பதினேழாம் சாட்சியம் மற்ற ஆதாரங்களுக்குத் துணையானது மட்டுமே, தீர்ப்பைத் தீர்மானிப்பது அல்ல, ஆகவே பெயரை வெளியிடத் தேவையில்லை. சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கதவின் பதிவை வாசித்தபோது அவளுக்குச் சந்தேகம் இருந்தது. அந்தத் தம்ளரைக் கேட்ட பிறகு இல்லை. கேலோ அவர் வழக்கறிஞரோ அந்தத் தம்ளரைப் பற்றி ஒருநாளும் கேட்கப்போவதில்லை. மறுக்கவும் போவதில்லை.

துவார்த்தே அவளையே பார்த்தபடி இருந்தார். 

விசாரணை முடிந்து தீர்ப்புக்கு உட்கார்ந்தபோது மீண்டும் அதே மூன்று குரல்கள். குற்றவாளி என்றார் கிமானி. துவார்த்தே மாறுபட்டார். நிறைமதி பதினேழையே கேள்விப்படாதவளாகத் தன்னை வைத்து யோசித்துப் பார்த்தாள். கதவின் பதிவை எடுத்தாள், பொறியாளரின் அறிக்கையை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் நடுவில் டீ வந்து நின்றது. தன் நிச்சயம் பதிவிலிருந்து வருகிறதா, தம்ளரிலிருந்து வருகிறதா என்று பிரித்தறிய முடியவில்லை. அதைப் பிரித்துச் சொல்லக்கூடிய ஒன்று அந்த மேசையிலேயே அணைந்து கிடந்தது.

"நமக்காக மட்டும் ஒருமுறை போட்டுப் பார்த்தால் என்ன?" என்றாள்.

கிமானியின் பாதிச் சிரிப்பு மறைந்தது. "அது பட்டையைக் கோட்டுக்கு மேலே காட்டினால் அன்றைக்கு நாம் எழுதிய உத்தரவு பொய்யாகிவிடும். தெரிந்த பிறகு மறைக்க முடியாது. பெயரைக் கொடுக்க வேண்டியதுதான். போடட்டுமா?"

"வேண்டாம்."

குற்றவாளி என்றாள். இரண்டுக்கு ஒன்று.

தீர்ப்பின் முடிவு மட்டும் அன்று அறிவிக்கப்பட்டது. காரணங்கள் பின்னர் எழுத்தில் வரும். கேல் முகத்தில் மாற்றமே இல்லை. ஆர்டன் எழுந்து நின்று, விசாரணை அமர்வுக்கு நன்றி சொல்லிவிட்டு, காரணங்கள் கையில் கிடைத்த மறுநாளே மேல்முறையீடு செய்வேன் என்றார். "அங்கே நான் கேட்கப்போவது ஒன்றுதான். எடை போட்டுப் பாருங்கள் என்பேன். இந்த அமர்வு தன் தராசைத்தான் அணைத்தது. மேல்முறையீட்டு அமர்வின் தராசு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது."

இதை நிறைமதி யோசிக்கவே இல்லை. மூவரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. தங்கள் அறையின் விளக்கை அணைத்துவிட்டு ஊரே இருட்டாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

காரணங்கள் கையில் கிடைத்த மறுநாள் என்று ஆர்டன் சொன்ன சொற்கள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கூடவே வந்தன. அப்படியானால் காரணங்கள் கிடைக்காதவரை மேல்முறையீடு இல்லை. எடையும் இல்லை. ரீகனின் மாற்றுக் கப்பல் மழைக்காலம் முடிந்ததும் மேடைக்குப் போகும் என்று மயூரதி சொல்லியிருந்தாள்.

காரணங்களை எழுதும் பொறுப்பை நிறைமதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சுருக்கமாக எழுதுவதில் பெயர் வாங்கியவள் அவள். மதுரையில் அவளுடைய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள். இப்போது அவள் கடலடிச் சுரங்கத்தின் வரலாற்றிலிருந்து தொடங்கினாள். மேடையின் கட்டுமானம் ஒரு அத்தியாயம். கதவுக்கு மட்டும் தனி அத்தியாயம். அதன் எஃகு, அதன் பூட்டு, அதன் கீல்கள். எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. எதுவும் தேவையில்லை.

ஒரு நாள் கிமானி வரைவை வாங்கிப் படித்துவிட்டு வந்தார். கீல்களைப் பற்றிய பகுதியை விரலால் தட்டினார். "முப்பது வருடமாக நீதிபதியாக இருக்கிறேன். ஒரு கீலைப் பற்றி இவ்வளவு படித்ததில்லை."

அவர் சன்னல் வழியாக மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, துருப்பிடித்தல் பற்றி இதில் போதுமான அளவு இல்லை என்று தனக்குத் தோன்றுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்டன் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் நினைவூட்டல், பிறகு மனு, பிறகு கண்டனம். கேல் எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்று தெரியாமல் சிறையில் இருக்கிறார் என்று எழுதினார். அதைப் படிக்கும்போதெல்லாம் நிறைமதி அந்த ஆளின் முகத்தை நினைத்துக்கொள்வாள். அவர் குற்றவாளியாகவே இருக்கட்டும். காரணத்தைக் கேட்கும் உரிமை குற்றவாளிக்கும் உண்டு என்று சட்டக் கல்லூரியில் அவளே வகுப்பெடுத்திருக்கிறாள். கப்பல் வரும்வரைதான் என்று தனக்குத் தானே எல்லை போட்டிருந்தாள். அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை.

மழை நின்றது. தீர்ப்பின் கடைசி அத்தியாயம் முடிந்தது. கிமானி படித்தார், துவார்த்தே தன் மாறுபட்ட கருத்தைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடுவதற்கு அமர்ந்திருந்த நேரத்தில் மயூரதி உள்ளே வந்தாள். கதவருகில் நிற்காமல் மேசைவரை வந்தாள்.

"கப்பல் வந்திட்டுது, மேடம். அவன் ஏறேல்ல."

"ஏன்?"

"இன்னொரு தவணைக்குக் கையெழுத்துப் போட்டிட்டானாம். கிரேன் ஓட்டுற வேலை குடுத்திருக்கினம். சின்னப் பெடியன், அந்த வேலை லேசில கிடைக்காதாம். சந்தோசமா அம்மாவுக்கு போன் எடுத்திருக்கிறான். வா வா எண்டு இவ கெஞ்சியிருக்கிறா. ஏன் எண்டு அவன் கேக்க, இவவால சொல்ல ஏலேல்ல. லைன்ல ஆக்கள் கேட்டுக்கொண்டிருப்பினம்."

"அந்த வேலையை யார் குடுத்தா?"

"காவல் பிரிவில இருக்கிற ஒரு பெரிய ஆள்தான் சிபாரிசு செய்தவராம்." மயூரதியின் குரல் இன்னும் தணிந்தது. "தற்செயலோ தெரியேல்ல, மேடம். தெரிஞ்சுகொள்ள ஒரு வழியும் இல்லை."

நிறைமதி கிமானிக்கு மட்டும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். அவர் பேனாவைத் திறந்தபடியே கேட்டார். மேசையின் மறுபக்கத்தில் துவார்த்தே தலை நிமிராமல் தன் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தவணை என்றால் எவ்வளவு காலம் என்று கிமானி கேட்டார். அடுத்த மழைக்காலம் முடியும்வரை என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் ஆர்டன் காத்திருந்தார். இன்று காரணங்கள் கிடைக்கும் என்று அவருக்குத் தகவல் போயிருந்தது.

கிமானி பேனாவை மூடினார். யாரையும் பார்க்காமல் கேட்டார். "கதவைப் பற்றிச் சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா?"

நிறைமதிக்கு எதிரே ஆர்டனின் கடைசி மனு கிடந்தது. என்ன ஆதாரத்தின்பேரில் என்னைத் தண்டித்தீர்கள் என்று என் கட்சிக்காரர் கேட்கிறார், வேறு எதையும் கேட்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட அவளால் மறுக்க முடியவில்லை.

"இருக்கிறது" என்றாள்.

துவார்த்தே எழுந்து, இந்தத் தாமதத்தில் தனக்குப் பங்கு வேண்டாம் என்பதுபோல, தான் எழுதிய மாறுபட்ட கருத்தைத் திரும்ப எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனார். கதவு மூடியதும் தாழ்வாரத்தில் அவரும் ஆர்டனும் பேசும் சத்தம் கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று நிறைமதிக்குக் கேட்கவில்லை. அவள் வரைவைத் திறந்து, கீல்களின் பக்கத்துக்குப் போய், எழுதத் தொடங்கினாள்.